மணவாளக்குறிச்சி மணலை இமேஜ்ஜே எண்ணினால் ஏன் இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது?

கேள்வி, ஜூன் 2

அண்ணே, எம்.எஸ்சி. ஜியாலஜி ப்ராஜெக்ட். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் ஒரு சிட்டிகை எடுத்து கண்ணாடி ஸ்லைடில் பரப்பி, மைக்ராஸ்கோப் ஐபீஸில் மொபைலை வைத்து போட்டோ எடுத்தேன். இமேஜ்ஜே என்ற படம் அளக்கும் மென்பொருளில் 8 பிட் (சாம்பல் நிறப் படம்) ஆக்கி, ஆட்டோ த்ரெஷோல்ட் போட்டு (எது கருப்பு, எது வெள்ளை என்று அதுவே கோடு போடும்), துகள் எண்ணும் அனலைஸ் பார்ட்டிக்கிள்ஸ் ஓட்டினால் 431 என்று வருகிறது. நானும் தங்கச்சியும் தனித்தனியாகக் கையால் எண்ணினோம், 180க்குப் பக்கத்தில் வந்தது. ஒட்டின துகள்களைப் பிரிக்கும் வாட்டர்ஷெட் கட்டளையைப் போட்டால் 600ஐத் தாண்டுகிறது. சாஃப்ட்வேர் சொல்வதையே எழுது என்கிறார்கள். எதை எழுத?

ஜூன் 3, இரவு 10.20

இப்போதைக்கு எதையும் எழுதாதே தம்பி. முதலில் அந்தக் கருப்பு வெள்ளைப் படத்தை 400 சதவீதம் பெரிதாக்கி ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை நகர்த்திப் பார். நீ இணைத்திருக்கும் படத்தை நான் அப்படித்தான் பார்த்தேன். துகள்களுக்கு நடுவில் மிளகுப்பொடி தூவினது மாதிரி ஒற்றைப் பிக்சல், இரட்டைப் பிக்சல் புள்ளிகள். உன் 431இல் பாதிக்கு மேல் அதுதான்.

அனலைஸ் பார்ட்டிக்கிள்ஸ் செய்கிற வேலை ரொம்ப எளிமையானது. மேலிருந்து வரிவரியாக ஓடும், கருப்பு விளிம்பு ஒன்று தட்டுப்பட்டால் அதைச் சுற்றிக் கோடு போட்டு அளக்கும், அளந்ததை அழித்துவிட்டு மேலே போகும். அது மணலா, தூசியா, லென்ஸில் ஒட்டின விரல் அழுக்கா என்று அதற்குத் தெரியாது. சைஸ் என்ற பெட்டியில் 0 முதல் முடிவிலி வரை என்றுதான் தானாக இருக்கும், நீ அதைத் தொடவில்லை. ரிசல்ட்ஸ் டேபிளை ஏரியா (பரப்பு) நெடுவரிசைப்படி வரிசைப்படுத்து. எங்கே சின்ன எண்கள் முடிந்து ஒரு வெற்றிடம் விட்டுப் பெரிய எண்கள் தொடங்குகிறதோ, அந்த இடைவெளியில் குறைந்தபட்ச அளவை வை. அந்த வெற்றிடமே இல்லாமல் சின்னதிலிருந்து பெரியது வரை ஒரே சரிவாக வந்தால் படம்தான் சரியில்லை, அளவை எங்கே வைத்தாலும் அது உன் இஷ்டத்துக்கு வெட்டினதாக இருக்கும்.

இன்னொன்று. இந்தப் படம் வாட்ஸ்ஆப்பில் வந்த படம் என்று சந்தேகப்படுகிறேன். ஜேபெக் 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்கும், அதனால் கருப்புத் துகளைச் சுற்றி வெள்ளையில் அலை அலையாக அழுக்கு வரும். கண்ணுக்குத் தெரியாது, த்ரெஷோல்டுக்கு நன்றாகத் தெரியும். டிஃப் அல்லது பிஎன்ஜியாக வை. அனுப்பியே ஆக வேண்டும் என்றால் டாக்குமென்டாக அனுப்பு.

ஜூன் 3, இரவு 10.45

விட்டுப்போனது. உன் டேபிளில் ஏரியா 0.002 என்றெல்லாம் இருக்கிறதே, அது சதுர அங்குலம். மொபைல் படத்துக்குள்ளேயே டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) என்று ஏதாவது ஒரு எண் எழுதியிருக்கும், இமேஜ்ஜே அதை நம்பி அங்குலமாக்கிவிடும். ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் ஸ்லைடு ஒன்று லேபில் இருக்கும், ஒரு மி.மீ.யை 100 பங்காகப் பிரித்தது. அதே லென்ஸ், மொபைல் அதே தூரம், ஜூம் தொடாமல் அதைப் படம் எடுத்து செட் ஸ்கேலில் கொடு. மொபைலைக் கையில் பிடித்து எடுப்பதாக இருந்தால் ஒவ்வொரு படத்துக்கும் ஸ்கேல் மாறும். பழைய குடை வளையமாவது கட்டி ஐபீஸில் நிலையாக நிறுத்து.

ஜூன் 4, காலை

இரவோடு இரவாகச் செய்துவிட்டான் பையன். குறைந்தபட்ச அளவு வைத்ததும் 431 இறங்கி 212 ஆகிவிட்டதாம். மிச்சம் முப்பது சொச்சம் எங்கிருந்து என்று கேட்கிறான்.

குவார்ட்ஸிலிருந்து. கருமணல் பிரச்சினை இல்லாத ஆசாமி, அதிலுள்ள இல்மனைட் கனிமம் ஒளியை விடாது, கீழிருந்து லைட் போட்டால் முழுக் கருப்பாக நிற்கும். குவார்ட்ஸ் கண்ணாடி மாதிரி. நடுவில் வெளிச்சம் நேராக வந்துவிடும், ஓரத்தில் மட்டும் ஒளி விலகி இருட்டாகத் தெரியும். த்ரெஷோல்ட் போட்டால் கிடைப்பது ஒரு வளையம். அந்த வளையம் எங்காவது அறுந்தால் ஒரு துகள் இரண்டு பிறைகளாக எண்ணப்படும். உன் முப்பது அதுதான், அவுட்லைன்ஸ் படத்தில் பிறை பிறையாகத் தேடிப்பார்.

வளையம் அறுபடாமல் இருந்தால் ஓட்டையை நிரப்பும் ஃபில் ஹோல்ஸ் கட்டளை போதும். ஆனால் ஃபில் ஹோல்ஸ் போடுவதற்கு முன் ஒன்றைக் கவனி, யாரும் சொல்லித்தர மாட்டார்கள். மூன்று துகள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றால் நடுவில் முக்கோணமாக ஒரு சின்ன வெற்றிடம் இருக்கும். அது நான்கு பக்கமும் கருப்பால் அடைபட்டது, அதனால் மென்பொருளுக்கு அதுவும் ஓட்டைதான். நிரப்பிவிடும். மூன்று துகளும் ஒட்டின ஒரு பெரிய கட்டி கிடைக்கும், ஏரியாவும் நிஜத்தைவிடக் கூடும். எங்கள் லேபில் ஒரு மாணவியின் ஸ்லைடில் ஒரே துகள் மட்டும் மற்றதைவிட நாலு மடங்கு பெரிதாக வந்து, அதைப் பாறைத்துண்டு என்று எழுதியும் வைத்திருந்தாள். பெரிதாக்கிப் பார்த்தால் மூன்று குவார்ட்ஸ், நடுவில் நிரப்பின முக்கோணம்.

ஜூன் 5, இரவு

வாட்டர்ஷெட். நிறையப் பேர் இதைப் பற்றித்தான் கேட்கிறார்கள், ஆகவே கொஞ்சம் நீளமாக.

ஒட்டின துகள்களைப் பிரிக்க அது செய்கிற தந்திரம் இது. கருப்புப் பகுதியின் ஒவ்வொரு பிக்சலுக்கும் விளிம்பு எவ்வளவு தூரம் என்று கணக்கிடும். உருண்டையான துகளின் நடுவில் அந்த எண் உச்சமாக இருக்கும். இரண்டு உருண்டைகள் ஒட்டியிருந்தால் இரண்டு உச்சம், நடுவில் இடுப்பு மாதிரி ஒரு ஒடுக்கம். ஒவ்வொரு உச்சத்திலிருந்தும் வளர்த்துக்கொண்டே வந்து, இரண்டும் முட்டுகிற இடத்தில் ஒரு கோடு வெட்டும். பாரிஸில் பெஷேவும் லான்ட்வேஜூலும் 1979இல் படங்களுக்குக் கொண்டுவந்த யோசனை. அதற்கு முன்பே 1964 வாக்கில் அதே ஊர் சுரங்கக் கல்லூரியில் மாத்தெரோனும் செராவும் கனிமத் துண்டுகளின் மெல்லிய வெட்டுப் படங்களை அளக்கத்தான் இந்த உருவக் கணக்கு முழுவதையும் தொடங்கினார்கள். ஆக நம் ஜியாலஜி பையன்கள் இதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதே இல்லை, நம் வீட்டுச் சொத்துதான். செல்லை எண்ணுகிற உயிரியல்காரர்கள் பிறகு வந்து சேர்ந்துகொண்டார்கள்.

ஆனால் அது உருண்டையான, குழிவில்லாத வடிவங்களுக்கு மட்டும் ஒழுங்காக வேலை செய்யும். விளிம்பில் சின்ன நெளிவு இருந்தால் இரண்டு உச்சம் வந்துவிடும், உடனே வெட்டு. நீளமான சிர்கான் கனிமத் துகளை நடுவில் வெட்டும். சில்லிமனைட் கனிமம் குச்சி மாதிரி இருந்தால் மூன்றாக நறுக்கும். உன் 600 இப்படி வந்தது. ஒட்டினதைப் பிரித்தது கொஞ்சம், ஒட்டாததை உடைத்தது நிறைய.

என்னைக் கேட்டால் மணலுக்கு வாட்டர்ஷெட்டே வேண்டாம். மணலை ஒழுங்காகப் பரப்பு. துகளைப் பிரிக்கிற வேலையைக் கையாலும் தண்ணீராலும் செய்வது சுலபம், கணக்கால் செய்வதுதான் கஷ்டம். கடற்கரை மணல் உப்போடு வரும், இப்போது ஜூன் மாதம், ஊரே சாரலில் ஊறிக்கிடக்கிறது, உப்பு ஈரத்தை இழுத்துத் துகளும் துகளும் ஒட்டும். நல்ல தண்ணீரில் நாலைந்து முறை அலசி, தண்ணீர் கலங்காமல் தெளியும் வரை இறுத்து, ஓவனில் காயவைத்து, சூடு ஆறினதும் உடனே படம் எடு. அலசாமல் காயவைத்தால் உப்பே கட்டம் கட்டமாகப் படிந்து அதுவும் ஒரு துகளாக எண்ணப்படும். பிளாஸ்டிக் தட்டு வேண்டாம், நிலைமின்சாரத்தில் சின்னத் துகளெல்லாம் பெரிய துகளோடு போய் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி எடுத்துக்கொள். ஒரு சிட்டிகையே ரொம்ப அதிகம், அதில் கால்பங்கு போதும். ஸ்லைடின் ஓரத்தை விரல் நகத்தால் லேசாகத் தட்டினால் துகள்கள் தாமாக விலகும். நாலு படம் கூடுதலாக எடுத்தால் எண்ணிக்கை தானாக வந்து சேரும், ஒரே படத்தில் எல்லாவற்றையும் அடைக்க என்ன அவசரம்.

ஜூன் 5, இரவு 11.50

ஒருவர் தனிச்செய்தியில், மணல் எங்கே கிடைத்தது, யார் அனுமதித்தது என்று கேட்டிருக்கிறார். துறையில் வைத்திருக்கும் பழைய மாதிரி டப்பா. மணல் என்றாலே நம் மாவட்டத்தில் அரசியல் வந்துவிடும், அதற்குத் தனி இழை திறந்து சண்டை போட்டுக்கொள்ளுங்கள் மக்கா.

ஜூன் 6

மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர், அதே பையனின் அதே படத்தைப் பைத்தானில் ஓட்டிப் பார்த்திருக்கிறார், 219 வருகிறதாம், இமேஜ்ஜே 212. யார் பொய் சொல்கிறார்கள் என்கிறார்.

யாரும் பொய் சொல்லவில்லை. இரண்டு கருப்புப் பிக்சல்கள் மூலையோடு மூலை மட்டும் தொட்டால் அவை ஒன்றா இரண்டா? ஒன்று என்றால் 8 அண்டை (மூலையில் தொடுவதும் அண்டைதான்), இரண்டு என்றால் 4 அண்டை (பக்கத்தோடு பக்கம் தொட்டால் மட்டும்). இமேஜ்ஜே பேச்சுக்கொடுக்காமல் 8ஐ எடுக்கும். பைத்தானின் ஸ்கைகிட் இமேஜ் தொகுப்பும் அப்படியே, மேட்லேப் மென்பொருளின் பழைய பிடபிள்யூலேபலும் அப்படியே. நீங்கள் ஓட்டினது பைத்தானின் இன்னொரு தொகுப்பான சைபையின் என்டிஇமேஜ் லேபல் என்றால் அது தானாக 4ஐ எடுக்கும். ஸ்ட்ரக்சர் என்ற இடத்தில் மூன்றுக்கு மூன்று முழுக்க ஒன்றுகளாகக் கொடுங்கள், எண் ஒத்துப்போகும்.

ஓபன்சிவி என்ற தொகுப்பில் ஓட்டுகிறவர்களுக்கு வேறு தலைவலி. அது பின்னணியையும் ஒரு பகுதியாக எண்ணித் தரும். எப்போதும் ஒன்று கூடுதலாக வரும். நம் ஊர் கல்யாணத்தில் இலை எண்ணுகிறவர் மேஜையையும் சேர்த்து எண்ணின மாதிரி.

துகளுக்கு 8 எடுத்தால் பின்னணிக்கு 4 எடுக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது. இரண்டுக்கும் 8 என்றால், மூலையில் மட்டும் இணைந்த ஒரு வளையத்துக்குள் இருக்கும் வெள்ளை வெளியே கசிந்துவிடும், ஓட்டை ஓட்டையாக இருக்காது, ஃபில் ஹோல்ஸ் நிரப்பாது. நல்ல மென்பொருள்கள் இதைத் தாமே பார்த்துக்கொள்ளும். சொந்தமாகக் கோட் எழுதுகிற ஆட்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஆனால் ஒன்று: அண்டை விதியை மாற்றினால் எண்ணிக்கை ஏழு நகர்கிறது என்றால், அந்த ஏழு இடத்தில் துகள்கள் ஒரே ஒரு மூலையில் ஒட்டி நிற்கின்றன. விதியைப் பற்றி வாதிடுவதைவிட அந்த ஏழு இடத்தைக் கண்ணால் பார்ப்பது பத்து நிமிஷ வேலை.

ஜூன் 8

குலசேகரத்திலிருந்து ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் அண்ணாச்சி நுழைந்திருக்கிறார். மணல் எல்லாம் இருக்கட்டும், ரப்பர் இலையில் புள்ளிநோய் எவ்வளவு என்று இதே முறையில் அளக்க முடியுமா?

தாராளமாக அளக்கலாம் அண்ணாச்சி, ஆனால் எண்ண வேண்டாம், பரப்பை மட்டும் எடுங்கள். மணலில் துகள் தனித்தனி என்பதாவது நிஜம். இலையில் நோய் முற்றினால் புள்ளியோடு புள்ளி கலந்து ஒன்றாகிவிடும், நோய் கூடக் கூட எண்ணிக்கை குறைந்துகொண்டு வரும், படித்தவன் குழம்பிவிடுவான். கொரினெஸ்போரா என்ற பூஞ்சை நோய் என்றால் நரம்போடு கருத்து மீன்முள் மாதிரி ஓடும், அதைப் புள்ளி என்று எண்ணவே முடியாது. மொத்த இலைப் பரப்பில் நோய்ப்பரப்பு எத்தனை சதவீதம், அது போதும்.

இலையைக் கிள்ளினதும் ஸ்கேனரில் வைத்து மூடியை அமுக்குங்கள், வாடினால் சுருளும். கலர் படத்தைக் கருப்பு வெள்ளையாக்குகிறபோது வெளிச்சத்தை வைத்துப் பிரிக்காதீர்கள், நரம்பின் நிழலும் புள்ளியும் ஒரே இருட்டாக இருக்கும். பச்சையா பழுப்பா என்கிற நிறத்தை வைத்துப் பிரியுங்கள். எல்-ஏ-பி (Lab) என்ற நிற முறையில், பச்சையா சிவப்பா என்று காட்டும் ஏ என்ற சேனல் இதற்கென்றே செய்தது மாதிரி இருக்கும்.

ஜூன் 9, மதியம்

மணலுக்குத் திரும்புவோம். ஆட்டோ த்ரெஷோல்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் விட்டேன், பையன் படம் பெரும்பாலும் குவார்ட்ஸும் இல்மனைட்டுமாக இருந்ததால். இப்போது கார்னெட் என்ற கனிமத்தையும் சேர்த்து எண்ணப் போகிறானாம், கதை மாறுகிறது.

ஓட்சு 1979இல் எழுதின முறை, படத்தின் சாம்பல் அளவுகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் வேறுபாடு மிகக் குறைவாக இருக்கும் இடத்தில் கோடு போடும். இமேஜ்ஜே தானாக எடுப்பது ஓட்சு இல்லை, ஐசோடேட்டா என்கிற முறையின் ஒரு வடிவம், ஆனால் குணம் கிட்டத்தட்ட அதேதான். இரண்டுமே உலகத்தில் இரண்டு வகைதான் என்று நம்புகிறவை. கருப்பு இல்மனைட், இடைநிலைச் சிவப்பு கார்னெட், வெள்ளைப் பின்னணி என்று சாம்பல் அளவுகளின் வரைபடத்தில் மூன்று மேடு வந்தால் கோடு எங்கே விழும் என்பது எந்தச் சரக்கு எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கருமணல் அதிகமுள்ள ஸ்லைடில் கார்னெட் தப்பித்துவிடும், குறைவானதில் மாட்டும். அப்புறம் நீ கடற்கரையின் இரண்டு இடங்களை ஒப்பிட்டு எழுதுவது மணலின் வித்தியாசமா, கோடு நகர்ந்ததா என்று உனக்கே தெரியாது.

வழி: துகளைக் கண்டுபிடிப்பதையும் இனம் பிரிப்பதையும் தனித்தனியாகச் செய். முதலில் எல்லாத் துகளையும் பிடிக்கிற மாதிரி ஒரு பைனரி, அதாவது கருப்பு வெள்ளைப் படம். பிறகு செட் மெஷர்மென்ட்ஸில் ரீடைரக்ட் டு என்று ஒரு வசதி இருக்கிறது, அதில் அசல் படத்தைக் கொடுத்தால் ஒவ்வொரு துகளின் எல்லைக்குள்ளும் அசல் நிற அளவு என்ன என்று டேபிளில் வந்துவிடும். டேபிளில் வைத்துப் பிரிப்பது படத்தில் பிரிப்பதைவிட எவ்வளவோ நிம்மதி.

அதைவிட நிம்மதி, காந்தம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற சின்ன நியோடிமியம் காந்தத்தைப் பேப்பரில் சுற்றி மணலுக்கு மேலே காட்டு, இல்மனைட் துள்ளி வந்து ஒட்டும், கார்னெட் இன்னும் கிட்டத்தில் காட்டினால் சோம்பேறித்தனமாக வரும், குவார்ட்ஸும் சிர்கானும் அசையாது. தனித்தனிப் பொட்டலம், தனித்தனிப் படம், ஒவ்வொன்றிலும் இரண்டே மேடு. ஓட்சுக்குப் பிடித்த உலகம்.

நியோடிமியம் இந்த மணலில் வரும் மோனசைட் என்ற கனிமத்தில் இருக்கும் உலோகம். அதாவது இந்த மணலிலும் இருக்கிற சரக்கை வைத்தே இந்த மணலைப் பிரிக்கிறோம்.

ஜூன் 10

காந்தம் காட்டியது சும்மா வேடிக்கை, அறிவியல் இல்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மணவாளக்குறிச்சி ஆலையிலும் காந்தமும் மின்சாரமும் வைத்துத்தான் பிரிக்கிறார்கள் ஐயா. அளவு பெரிது, விதி அதேதான்.

இதே சாக்கில் ஒரு பழங்கதை. இந்த மணலின் மோனசைட்டை 1909இல் கண்டுபிடித்தவர் ஷோம்பெர்க் என்கிற ஜெர்மன் வேதியியலாளர், அதுவும் கடற்கரைக்கு வந்தில்லை, திருவிதாங்கூரிலிருந்து போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து. அன்றைக்கு மோனசைட் வேண்டியிருந்தது கேஸ் விளக்கின் மேண்டிலுக்கு, அதிலிருக்கும் தோரியத்துக்காக. கயிற்றில் ஒட்டின அழுக்கு என்று தட்டிவிட்டிருந்தால் சவம், நம் ஊர்ப் பேர் ஜெர்மனிக்குத் தெரிந்தே இருக்காது.

ஜூன் 12, இரவு

அளவு. இங்கேதான் எனக்குப் பையனோடு உண்மையான சண்டை, அவன் எண்ணிக்கையிலேயே நிற்கிறான்.

முதலில் ரெசல்யூஷன். பையனின் நண்பர்கள் சிலர் மைக்ராஸ்கோப் இல்லாமல் ஸ்கேனரில் மணலைப் போட்டு எடுக்கிறார்கள். 1200 டிபிஐ என்றால் ஒரு பிக்சல் சுமார் 21 மைக்ரான். 150 மைக்ரான் துகள் குறுக்கே ஏழே பிக்சல். த்ரெஷோல்ட் கொஞ்சம் நகர்ந்து சுற்றிலும் ஒரு பிக்சல் தடித்தால் ஏழு ஒன்பதாகும், பரப்பு 65 சதவீதம் கூடிவிடும். அதே துகள் 50 பிக்சல் அகலத்தில் இருந்தால் அதே ஒரு பிக்சல் தடிமன் 8 சதவீதம்தான் கூட்டும். அதனால் ஒரு துகளுக்கு இத்தனை பிக்சலாவது வேண்டும் என்று முதலில் முடிவு பண்ணு, பிறகு லென்ஸை எடு.

பரப்பாவது பரவாயில்லை. சுற்றளவு சுத்தமாக நம்ப முடியாத ஆள். பெரிதாக்கப் பெரிதாக்க விளிம்பின் நெளிவெல்லாம் சேர்ந்து நீளம் கூடிக்கொண்டே போகும். துகள் எவ்வளவு வட்டம் என்று சொல்கிற சர்க்குலாரிட்டி என்பது 4 பை (π) பெருக்கல் பரப்பு வகுத்தல் சுற்றளவின் வர்க்கம், வட்டத்துக்கு 1, சதுரத்துக்குக் கணக்குப்படி 0.785. கீழே அந்த நம்பாத சுற்றளவு வர்க்கமாக உட்கார்ந்திருக்கிறது. ஆகவே 4 எக்ஸில் எடுத்த முட்டம் மணலையும் 10 எக்ஸில் எடுத்த குளச்சல் மணலையும் சர்க்குலாரிட்டி வைத்து ஒப்பிடுவது வீண். ரொம்பச் சின்னத் துகளுக்கு 1ஐத் தாண்டிவிடும், இமேஜ்ஜே அதை 1 என்று வெட்டிக் காட்டும். டேபிளில் வரிசையாக 1.000 பார்த்தால் உருண்டை மணல் என்று சந்தோஷப்படாதே, பிக்சல் போதவில்லை என்று அர்த்தம். இன்னொன்று, இது ஜியாலஜிக்காரர்கள் சொல்கிற ரவுண்ட்னஸ் கிடையாது. வாடெல் 1932இல் சொன்னது மூலைகள் எவ்வளவு மழுங்கியிருக்கின்றன என்பது. நீளமான, ஆனால் மூலையெல்லாம் வழவழத்த துகளுக்கு ரவுண்ட்னஸ் அதிகம், சர்க்குலாரிட்டி குறைவு. வைவாவில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும்.

சல்லடையோடு ஒப்பிட வேண்டுமானால் ஃபெரெட் (துகளின் அதிகபட்ச நீளம்) எடுக்காதே, மின்ஃபெரெட் (குறைந்தபட்ச அகலம்) எடு. துகள் சல்லடைக் கண்ணில் நட்டுக்குத்தாக நழுவிவிடும், அதைத் தடுப்பது நீளம் அல்ல, நடு அகலம். ஸ்லைடில் துகள் படுத்துக் கிடக்கும், நாம் மேலிருந்து பார்ப்பது அதன் நீளமும் நடு அகலமும்.

இப்போது எண்ணிக்கை சதவீதம். குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, இல்மனைட் சுமார் 4.7. அலை ஒரே இடத்தில் சேர்த்துப் போடுகிறபோது கனமான துகள் சின்னதாகவும் லேசான துகள் பெரிதாகவும் இருப்பது வழக்கம். இல்மனைட் குவார்ட்ஸின் பாதி விட்டம் என்று வைத்துக்கொள். கன அளவு எட்டில் ஒன்று. படத்தில் இரண்டும் எண்ணிக்கையில் சரிபாதி, ஆனால் எடையில் இல்மனைட் சுமார் 18 சதவீதம்தான். ஐம்பது என்று எழுதினால் தராசு வைத்திருக்கிறவன் சிரிப்பான்.

ஒருவர் டெலெஸ் விதியைச் சொல்லி, பரப்பு விகிதமே கன விகிதம், அப்படியே எழுதலாம் என்கிறார். டெலெஸ் 1847இல் சொன்னது பாறையை வெட்டின முகத்துக்கு. அங்கே கத்தி துகளை எங்கே வேண்டுமானாலும் வெட்டும். இங்கே நாம் பார்ப்பது வெட்டு இல்லை, முழுத் துகளின் நிழல். அந்த விதி இங்கே பொருந்தாது.

ஜூன் 13

ஓரம். படத்தின் விளிம்பில் வெட்டுப்பட்ட துகளை எக்ஸ்க்ளூட் ஆன் எட்ஜஸ் போட்டுத் தள்ளலாம், ஆனால் பெரிய துகள்தான் ஓரத்தைத் தொட வாய்ப்பு அதிகம், ஆகவே பெரியதுகள் கூடுதலாகக் கழிந்துவிடும். ரத்தம் எண்ணுகிற லேபில் செய்வது மாதிரி உள்ளே ஒரு கட்டம் போட்டு, மேல் ஓரமும் இடது ஓரமும் தொடுவதை எடு, கீழ் ஓரமும் வலது ஓரமும் தொடுவதை விடு. குண்டர்சன் 1977இல் இதைக் கொஞ்சம் கண்டிப்பாக்கி, விலக்குகிற கோட்டை இரண்டு பக்கமும் நீட்டினார். பெரிய துகளும் சின்னத் துகளும் கலந்திருந்தால் அந்த நீட்டல் முக்கியம்.

ஜூன் 15

ஏஐ போட்டால் இதெல்லாம் ஒரே க்ளிக்கில் முடியுமே என்று நாலு பேர். செல்போஸ், ஸ்டார்டிஸ்ட், மெட்டாவின் செக்மென்ட் எனிதிங் எல்லாம் ஓட்டிப் பார்த்தேன். ஒட்டின துகளைப் பிரிப்பதில் வாட்டர்ஷெட்டைவிட நல்லா இருக்கின்றன, மறுக்கவில்லை. ஸ்டார்டிஸ்ட் நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் கதிர் போட்டு எல்லையைத் தேடுகிறது, செல் உட்கருவுக்காகச் செய்தது, உருண்டை குவார்ட்ஸுக்குச் சரியாக வருகிறது, குச்சி சில்லிமனைட்டில் திணறுகிறது. அது எல்லையைச் சில இடத்தில் அழகுபடுத்திவிடுகிறது என்பதுதான் என் குறை. உடைந்த முனையை மழுக்கி வரைந்தால் எண்ணிக்கைக்கு நஷ்டமில்லை, வடிவத்தை அளக்கிறவனுக்கு நஷ்டம். எண்ணுவதற்கு எடுத்துக்கொள், ரவுண்ட்னஸ் எழுத எடுக்காதே.

ஜூன் 5ஆம் தேதி வாட்டர்ஷெட்டே வேண்டாம் என்றேன், அதற்கு ஒரு வரம்பு: பிசினில் பதித்து வெட்டின ஸ்லைடு என்றால் பரப்ப வழியே கிடையாது. அங்கே போட்டுத்தான் ஆக வேண்டும், போட்ட பிறகு எத்தனை வெட்டு தவறு என்று ஒரு ஓரத்திலாவது கண்ணால் எண்ணி அதையும் எழுதிவிட வேண்டும்.

ஜூன் 18

பையன் அலசி, காந்தம் காட்டி, புதுசாகப் பரப்பி எடுத்திருக்கிறான். இப்போது கையாலும் மென்பொருளாலும் மூன்று நான்கு துகளுக்குள்தான் வித்தியாசம், வாட்டர்ஷெட் இல்லாமல். எல்லாப் படத்துக்கும் ஒரேயடியாக ஓட்ட வழி கேட்கிறான்.

மேக்ரோஸ் மெனுவில் ரெக்கார்ட் திறந்து வைத்துக்கொண்டு ஒரு படத்துக்குக் கையால் செய், செய்கிறதெல்லாம் வரிவரியாக எழுதிக்கொண்டே வரும், அதை எடுத்து பேட்ச் மேக்ரோவில் கொடு. ஓடுவதற்கு முன் பைனரி ஆப்ஷன்ஸில் பிளாக் பேக்கிரவுண்ட் டிக் இருக்கிறதா இல்லையா என்று ஒருமுறை பார்த்து, மேக்ரோவின் முதல் வரியிலேயே அதை எழுதிவிடு. உன் லேப்டாப்பில் துகள் கருப்பு, லேப் கம்ப்யூட்டரில் பின்னணி கருப்பு என்றால் அது வெற்றிடங்களை எண்ணிக் கொடுத்துவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருக்கும். மொபைலில் எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் பூட்டிவிட்டு எடுத்தாயானால் எல்லாப் படத்துக்கும் ஒரே த்ரெஷோல்ட் எண்ணைக் கொடுக்கலாம். பூட்டாமல் எடுத்திருந்தால் படத்துக்குப் படம் ஆட்டோ விடு, எந்தப் படத்துக்கு எந்த எண் வந்தது என்று ரிசல்ட்ஸோடு ஒரு தனி நெடுவரிசையில் சேமி. ஒன்று மட்டும் மற்றதைவிட ரொம்பத் தள்ளி நின்றால் அந்தப் படத்தைத் திறந்து பார்.